சிவப்பு அம்பு

பத்தொன்பது வருஷமாய் நான் செக்கர்.
ஒரு ஜாக்கெட்டுக்கு நாற்பத்திரண்டு வினாடி.
காலர், கைக்குழி, ஜிப், பாக்கெட்.
பிசிறு நின்றால்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித்
திருப்பி அனுப்பிவிடுவேன்.
பீன்யாவில் எங்கள் லைனில்
என்னைப் பிடித்தவர்கள் குறைவு.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு
லக்கெரே வீட்டுச் சாக்கடைத் துளையை
என் முடி அடைத்துக்கொண்டது.
ஈர்க்குச்சியால் நானே குத்தி எடுத்தேன்.
மிச்சத்தைத் தெருமுனை சலூன்காரர் வழித்தார்.
காசு வேண்டாம் என்றார்.
கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

டிசம்பர் மேலிருந்து இறங்குகிறது என்பது
அப்புறம்தான் தெரிந்தது.
முந்தானையைப் போட்டால் வழுக்கி விழுகிறது,
பிடித்துக்கொள்ள அதற்கும் ஒரு மயிர் வேண்டும்.
விடிவதற்குள் மெஜஸ்டிக்கில்
ஓசூர் ரோடு பஸ்ஸுக்கு நிற்கும்போது
காது இரண்டும் வேறு யாருடையதோ.

இ.எஸ்.ஐ. தாளில் கையெழுத்து வாங்க
ஃபேக்டரிக்குப் போன அன்று
சாப்பாட்டு மணி அடித்திருந்தது.
ஷாஹின்தாஜ் ஒன்றும் கேட்கவில்லை.
கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவி
என் தலையைச் சுற்றினாள்.
"இருபத்தொன்றரை!"
ஏலம் விடுகிறவள் மாதிரி கத்தினாள்.

கட்டிங் மேஜைக்கு அடியில்
ஃப்ளீஸ் துண்டுகள், சாம்பல் நிறம்.
எந்த ஊர்ப் பனிக்கோ போகிற துணி.
எங்களில் யாரும்
அதை உடம்பில் போட்டுப் பார்த்ததில்லை.

சிக்கல் அங்கேதான்.
புட்டலட்சுமிக்குக் காலர் மட்டும் தெரியும்.
ஒடிசாக்காரி மாமினிக்கு இடது கை மட்டும்.
கலாராணி பதினோரு வருஷமாய் ஜிப்.
முழுசாய் ஒன்றைத் தைத்தவள்
அந்த லைனில் ஒருத்தியும் இல்லை.
மணிக்கு அறுபது உருப்படி தள்ளுகிறவர்கள்
ஒரு தலையைச் சுற்றி நின்று
சோற்றுக் கையோடு சண்டை போட்டார்கள்,
கன்னடத்தில், உருதுவில், ஒடியாவில்,
கெட்ட வார்த்தை மட்டும் தமிழில்.
"காலரை மேலே மூடிவிட்டால் தொப்பிதானே?"
என்றாள் புட்டலட்சுமி.

எட்டு நிமிஷம்.
போட்டேன். கழற்றினேன்.
பழக்கம் விடுமா,
உள்ளே விரலை விட்டுத் தடவினேன்.
நடு உச்சியில்
நான்கு தையல் கூடி ஒரு முடிச்சு.
முடி இருப்பவர்களுக்குத் தட்டுப்படாத முடிச்சு.
பையிலிருந்து,
ஆமாம், லீவிலும் வைத்திருந்தேன்,
சிவப்பு அம்பை எடுத்து அதன்மேல் ஒட்டினேன்.
"ஆல்டர்" என்றேன்.

யாரும் மெல்லவில்லை.
முதலில் மாமினிதான் சிரித்தாள்.
"இவ எங்கடி சாவா!" என்றாள் கலாராணி.
அந்த வார்த்தையை நான் திருப்பி அனுப்பவில்லை.

பிரித்துத் தைக்க நேரமில்லை.
ஷாஹின்தாஜ் பிடுங்கி
உள்ளை வெளியே புரட்டி என் தலையில் மாட்டினாள்.
தையல் ஊருக்கு, மெத்தென்ற பக்கம் எனக்கு.

கேட்டில் நிங்கம்மா.
நூல்கண்டோடு ஒருத்தி பிடிபட்ட நாளிலிருந்து
கொண்டையை அவிழ்த்துக் காட்டச் சொல்கிறவள்.
ஒரு சாண் துண்டு வெளியே போனாலும் திருட்டுதான்.
பார்த்தாள்.
அந்தச் சாம்பல் துணியை அவளுக்குத் தெரியாதா.
பையைத் துழாவினாள்,
காலி டப்பாவைத் திறந்து முகர்ந்தாள்,
செருப்பைக்கூட உதறச் சொன்னாள்.
கழுத்துக்கு மேலே அவள் கை ஏறவேயில்லை.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பையன் சொன்னான்,
"அக்கா, தொப்பி உல்டாவாக இருக்கிறது."
தெரியும் என்றேன்.
"மேலே என்னவோ ஒட்டியிருக்கிறது"
என்று உரிக்கக் கை நீட்டினான்.
விடு தம்பி,
வேலை முடியாத உருப்படியிலிருந்து
அதை எடுக்கக் கூடாது.