மூன்று சுழி

கிருஷ்ணகிரி, முன்னாள் படைவீரர் நல அலுவலகம்.
எழுத்தர் தலை நிமிராமல் கேட்டார்:
"போரிலா, பணியிலா?"
பனியில் சார் என்றேன்.
"அதான், பணியில்."
இல்லை சார், பனி. மலை சரிந்து விழுந்த பனி.
"ரெண்டும் ஒண்ணுதாம்மா.
காரணம்னு இருக்கிற இடத்துல எழுதி
அம்மா கைநாட்டோட கொண்டு வாங்க."

ஒரு சுழிதான் கூட.
அந்த ஒரு சுழிக்குள்
என் தம்பி சென்றாயன் பதினாறு மணி நேரம் கிடந்தான்.

ராயக்கோட்டையில் மினி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது.
தக்காளி மண்டியைத் தாண்டி நடந்தேன்.
கோட்டைமலை அடிவாரத்தில் வெள்ளைக்காரன் கல்லறை.
அவனும் நானும் அங்கே சீத்தாப்பழம் பறித்திருக்கிறோம்,
கல்மேல் ஏறி நின்று.
பெயர் படித்ததில்லை.

பாதி எழுத்தை மழை தின்றுவிட்டது.
லெப்டினன்ட் ஏதோ ஒரு '...வில்'.
வயது மட்டும் பளிச்சென்று: பத்தொன்பது.
அடுத்தவனுக்கு இருபத்தொன்று.
அதற்கடுத்தவன் வெறும் செங்கல்,
இடுக்கில் ஒரு காலி குவார்ட்டர்.
குண்டா, காய்ச்சலா, மலையேறும்போது கால் வழுக்கியதா,
எதிலும் இல்லை.

எங்கள் ஊரைப் பிடிக்க வந்தவன்.
எங்கள் முப்பாட்டன் எவனையாவது சுட்டிருப்பான்.
அதையும் நினைத்தேன்.
நினைத்துக்கொண்டேதான்
பாட்டில் தண்ணீரை ஊற்றி
அந்தப் பெயர்மேலிருந்த காக்கை எச்சத்தைக் கழுவினேன்.
அவனுக்கும் ஓர் அக்கா இருந்திருப்பாள்.
சேதி கப்பலேறிப் போய்ச் சேரும்வரை
கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருந்திருப்பாள்,
இந்த வெயிலுக்கு.

நான் அனுப்பிய வறுத்த நிலக்கடலை
அவன் வந்து பதினோராம் நாள்
திரும்பி வந்தது.
இந்தியில் ஏதோ எழுதி, முத்திரை குத்தி.
யாரும் பிரிக்கவில்லை. பரண்மேல் இருக்கிறது.

பட்டாலியனில் பெயர் வாயில் நுழையாமல்
சந்திரயான் என்று கூப்பிடுவார்களாம்.
"அக்கா, என்ன நிலாவுக்கே அனுப்பிட்டாங்க,
இங்க எல்லாமே வெள்ளை" என்று
போனில் சிரித்தான். சிக்னல் போய்விட்டது.

எங்கள் கொல்லையில் ஒரு நடுகல்:
கையில் ஈட்டி, எதிரே புலி.
பக்கத்துக் கொல்லையில் இன்னொன்று:
மாரில் அம்பு, காலடியில் மாடுகள்.
ஒருவன் சண்டையில் செத்தான். ஒருவன் அப்படியில்லை.
தை மாதம் இரண்டுக்கும்
ஒரே பானையிலிருந்துதான் பொங்கல் எடுத்து வைக்கிறோம்.

மினி பஸ்ஸில் தக்காளிக் கூடைமேல்
படிவத்தை வைத்து நிரப்பினேன்.
பெயர்.
படை எண்.
வயது, இருபத்திரண்டு.
காரணம் என்ற இடத்துக்கு வந்தபோது
ஏரிக்கரைத் திருப்பத்துப் பள்ளத்தில் வண்டி இறங்கிக் குலுங்கியது.

எழுதிவிட்டேன்.
எத்தனை சுழி போட்டேன் என்று
திருப்பிப் பார்க்கவில்லை.