ஸேன்

எப்படி இருக்கிறான் என்று முதலாளி கேட்டார்.
'ஸேன்' என்றேன்.
பஹ்ரைனுக்கு வந்த பதினாலு வருஷத்தில்
நான் முழுசாகச் சம்பாதித்த அரபுச் சொல் அது.
நலம், நல்லது, சரி, ஆகட்டும்,
போதும் ஐயா ஆளை விடுங்கள்,
எல்லாவற்றுக்கும் அதுதான்.
அவர் கழுத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.
வெள்ளை அங்கியில் ஒரு செம்மயிர் ஒட்டியது தெரியாமல்
விருந்தினர் கூடாரத்துக்கு நடந்தார்.

கேட்டதற்கு என்னிடம் இருந்த பதில் வேறு.

ராத்திரி வைத்த ஓட்ஸில்
இரண்டு கை மிச்சம்.
அதனால் ஒன்றும் இல்லை.
ஜெயித்த மூன்று தடவையும் மிச்சம் வைத்தவன்தான்,
தோற்ற அன்றைக்குத் தொட்டியை நக்கித் துடைத்திருந்தான்.
ஆனால் தண்ணீர்.
விடிவதற்குள் எப்போதும் இரண்டு வாளி.
இன்றைக்கு ஒன்றேகால்.
ஷமால் காற்று திரும்பியதால் இருக்கலாம்.

லத்தி நல்ல பதம்.

நாலு மணிக்கு இடது முன்னங்காலைப் பிடித்தேன்.
முழங்காலுக்குக் கீழே நரம்பு ஓடுகிற இடத்தில்
உள்ளங்கையை வைத்து நூறுவரை எண்ணினேன்.
சூடு இருந்தது.
வலதிலும் அதே சூடு.
அப்படியானால் சூடு என் கையில்.
கையைத் தண்ணீரில் முக்கி மறுபடி எண்ணினேன்.
இல்லை.
அறுபத்திரண்டில் மட்டும் இருக்கிறதோ என்றிருந்தது,
எழுபதில் போய்விட்டது.
பயிற்சியாளர் கானலியிடம் சொன்னேன்.
டாக்டர் வந்தார், நடக்கவிட்டார், ஓடவிட்டார்,
காலை மடக்கிப் பிடித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.
அந்தத் தாளில் அறுபத்திரண்டுக்குக் கட்டம் இல்லை.

டீவியில் கோட்டுப் போட்ட இருவர்
அவன் அப்பன் யார், அம்மாவைப் பெற்றவன் யார் என்று ஆரம்பித்தார்கள்.
கல்யாணத் தரகர்கூட அவ்வளவு தூரம் போகமாட்டார்.
பதினொன்றாம் கதவு, வெளிப்பக்கம், கஷ்டம் என்றார்கள்.
கஷ்டம்தான்.
ஆனால் கூட்டத்துக்குள் மாட்டினால் காதை மடக்கிக்கொள்வான்,
அப்புறம் சாட்டை எடுத்தும் பயனில்லை.
வெளியே ஓடினால் நாலு குதிரை நீளம் அதிகம்,
கோபம் கிடையாது.
கோபத்தை யார் அளந்திருக்கிறார்கள்?

பிரான்ஸிலிருந்து விமானத்தில் ஒருத்தி வந்திருக்கிறாள்.
குடிக்கிற தண்ணீரும் கூடவே வந்திருக்கிறது.
நேற்றுச் சாயங்காலம் மணலில் நடந்து போனாள்.
பின்னங்குளம்பின் தடம்
முன்னங்குளம்பின் தடத்தைத் தாண்டி
ஒரு சாண் முன்னால் விழுந்திருந்தது.
அவளைப் பற்றி இதற்குமேல் பேச விருப்பமில்லை.

ரிஃபாவில் எங்கள் அறையில் ஆறு பேர்.
பணம் கட்ட இங்கே இடமில்லை என்று
பிரியாணி கட்டியிருக்கிறார்கள்.
'அண்ணே, மாப்பிள்ளை வருவானா?'
சுடலைமுத்துவின் செய்தி காலையிலிருந்து மூன்று முறை.
நான் பதில் போடவில்லை.
கிண்டியில் வேலை பார்த்த காலத்தில்
என் வாயைக் கேட்டு ஒருவர் ஸ்கூட்டரை விற்றார்.
எதிரில் வந்தால் இன்னும் சிரிப்பார்,
அதுதான் கஷ்டம்.

சரி, சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால்
மூன்றரைக்கு ஒன்று.
அந்த அரை எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.
சேணவார் இறுக்கும்போது வயிற்றை உப்பி ஏமாற்றுகிறவன்
இன்றைக்கு ஏமாற்றவில்லை.
அது அடக்கமா, அலுப்பா, வேறெங்கோ நினைப்பா,
அரை மணியாக யோசிக்கிறேன்.

சாகிர் புல்லில் வெயில் சாய்ந்துவிட்டது.
அதோ, கடைசியாக இவனை உள்ளே தள்ளுகிறார்கள்.
என் கையில் வெறும் கயிறு,
நுனியில் இன்னும் அவன் எச்சில் ஈரம்.
கம்பியோரம் பக்கத்தில் நிற்கிறவன்
பிரான்ஸ்காரியைப் பார்த்துக்கொள்கிறவன்.
அவன் கையிலும் வெறும் கயிறு.
உன்னுடையது எப்படி என்று புருவத்தால் கேட்டான்.
'ஸேன்' என்றேன்.
அவனிடம் நானும் புருவத்தைத் தூக்கினேன்.
அவன் பாஷையில் ஒரே ஒரு சொல் சொன்னான்,
ரொம்பச் சின்னது,
சொல்வதற்கு முன்னால் ஒருமுறை எச்சில் விழுங்கினான்.