ஏற்றத்தில் மட்டும்

சமதரையில் இல்லை.
இறக்கத்தில் இல்லை.
நியூட்ரலில் நிறுத்தி எவ்வளவு மிதித்தாலும்
நல்ல பிள்ளையாய் உறுமிவிட்டு அடங்கும்.
நானுஓயா ஏற்றத்தில்
மூன்றாம் கியரில்
பதினோரு பேரைச் சுமந்துகொண்டு
முள் இரண்டாயிரத்தைத் தொடும்போதுதான்
மெல்ல ஆரம்பிக்கும்,
கதவிடுக்கில் காற்று நுழைவது போல.
பிறகு ஏறும். ஏறி,
பல்லைக் கூசவைக்கும் ஓரிடத்தில் போய் நிற்கும்.
காலை எடுத்தால்
அப்படி ஒன்று இருந்ததற்கே சாட்சி இல்லை.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.
கொட்டகலை பெட்டிக்கடையில்: பெல்ட்.
பின்சீட்டுப் பள்ளிக்கூடப் பையன்:
“உள்ள குருவி இருக்கு அங்கிள்.”
டயர் கடை நவ்பர் நானா
பானட்டைத் திறக்காமலே சொன்னார்:
“டர்போ முடிஞ்சிது. ஒண்டு எம்பது போகும்.”
ஒரு லட்சத்து எண்பதாயிரம்.
லீசிங் இன்னும் பத்தொன்பது மாதம்.
அன்றிலிருந்து ஏற்றங்களில் நான்
காலால் அல்ல, வயிற்றால் வண்டி ஓட்டினேன்.

லிந்துலையில் புண்ணியசீலன் எதுவும் சொல்லவில்லை.
கராஜ் வாசலில் சும்மா நின்ற ஆறு பேரை
வேனுக்குள் ஏற்றினான்.
பக்கத்துக் கடையில் கேட்டு
நான்கு சிமெண்ட் மூட்டை.
“வெறும் வண்டியில அது வாயத் தொறக்காது.
பாரம் வேணும்.”

ஏற்றத்தில் கண்ணை மூடிக்கொண்டான்.
“கூட்டு. கொற. இப்ப கூட்டு.”
மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவர்கள்
இருமலைக்கூட அடக்கினார்கள்.
“டர்போ சாகிறப்ப அழும்.
இது அழல.
எங்கயோ மூச்சு விடுது.”

திரும்பி வந்து குழாயைக் கழற்றி
உள்ளே இருந்த சின்னச் சக்கரத்தை விரலால் சுழற்றினான்.
மேலும் கீழும் ஆட்டினான்.
ஆடவில்லை.
நான் அப்போதுதான் கவனித்தேன்,
அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கரண்ட் இல்லை. கம்ப்ரசர் ஓடாது.
ஆணியில் தொங்கிய ஒரு டின்மீன் தகரத்தை எடுத்தான்.
அடியில் துளையிட்டு
சைக்கிள் டியூப் வால்வு பொருத்தியிருந்தது,
இன்னும் லேசாக மீன் மணத்தது.
அதை டர்போவின் வாயில் வைத்து இறுக்கிவிட்டு
பம்பை என்னிடம் நீட்டினான்.
அடித்தேன்.
இத்தனை வருடம் என்னை இழுத்த வண்டிக்கு
நான் மூச்சு ஊதிக்கொண்டிருந்தேன்.

சரியாக அந்த நேரம் பார்த்து
தகரக்கூரையில் மழை பிடித்துக்கொண்டது.
இனி இடி விழுந்தாலும் கேட்காது.
“கேக்க வேணாம்,” என்று காதருகே கத்தினான்,
“பாரு.”

சவர்க்காரத் தண்ணீரை பிரஷ்ஷில் தொட்டுத் தொட்டு
குழாய் குழாயாகத் தடவினான்.
இன்டர்கூலருக்குப் போகும் குழாயின் அடிவயிற்றில்,
கிளிப் ஓரத்தில்,
எண்ணெய் வியர்த்துக் கறுத்த இடத்தில்
ஒரு குமிழ்.
அது வெடித்தது.
இன்னொன்று.
பிறகு சின்னச் சின்னதாய், விடாமல்,
உலை கொதிக்கத் தொடங்குவது போல.

ஒரு அரிசி நீள விரிசல்.
அதற்குத்தான் ஒன்று எண்பதை
நாற்பது இரவு கூட்டிக் கழித்திருந்தேன்.
ஒரு அங்குலம் வெட்டி எறிந்தான்.
புதுக் கிளிப் இரண்டு.
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
தகரத்தைத் துடைத்து மறுபடி ஆணியில் மாட்டினான்.

மறுநாள் விடிய ஐந்தேகால், பனிமூட்டம்.
வண்டி வாய் பேசாமல் ஏறியது.
ரதல்ல வளைவில் புஷ்பமலர் இல்லை.
நுவரெலியா ஹோட்டலில் படுக்கை விரிக்கிறவள்,
ஒருநாளும் என்னைக் காக்கவைத்ததில்லை.
ஹார்ன் அடித்தேன்.
இன்னொரு தடவை அடித்தேன்.
லயத்துப் படிகளில் டோர்ச் வெளிச்சம் உருண்டு வந்தது.
காலில் ஒரு செருப்பு, கையில் ஒரு செருப்பு,
பாதி பின்னிய சடை.
“சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிறீங்க?
விசிலுக்கு என்னாச்சி?
கீழ் வளைவுல அது கேட்டாத்தானே
நான் அடுப்ப அணைப்பேன்!”

“சரி பண்ணியாச்சி.”
“யாரக் கேட்டு?”
கதவை இழுத்து அறைந்தாள்.

பதினோரு பேரும் பேசாமல் வந்தார்கள்.
அந்த அமைதியில்
பின் இடது சக்கரத்துக்கு மேலே,
இதுவரை கேட்டிராத
டிக்,
டிக்,
டிக்.