சூடு சுணை

நவம்பர். ஜன்னல் இடுக்குகளை டேப் ஒட்டி அடைத்திருக்கிறோம்.
ஆனாலும் ஓக்லாவின் மூன்றாம் மாடிக்கு
ஹரியாணா வயல் வந்துவிடுகிறது, புகையாக.

ஹர்கேஷ் மட்டும் அதை மூட்டையில் கொண்டுவருகிறார்.
சோனிபத் பக்கத்தில் மச்சான் வயலின் அரிதாள்.
மெட்ரோவில் ஏற்றமாட்டார்கள், அதனால் இரண்டு பஸ் மாறி.
ஒரு கை பிடித்து மேசையில் ஏற்றினேன்.
ஒரு மணி நேரமாக முன்கை அரிக்கிறது.

எங்கள் பேச்சில் இது சுணை.
ஆய்வேட்டில் சிலிக்கா என்று எழுதுகிறேன்.
மண்ணிலிருந்து உறிஞ்சியதைப் பயிர்
தன் தோலில் கண்ணாடி முள்ளாக நட்டுவைக்கிறது,
மேயும் வாய்க்கும் அறுக்கும் கைக்கும் எதிராக.

எழுநூறு டிகிரி.
உலைக்குள் போன நூறு கிராம் தாள்
பதினாறு கிராம் வெளிறிய சாம்பலாக வெளியே வருகிறது.
எங்கள் புகை குழாயேறி மொட்டைமாடிக்குப் போகிறது,
யாரும் கேட்பதில்லை.
மச்சானுக்குப் போன வாரம் அபராதச் சீட்டு:
தாளை எரித்த குற்றம்.
'அதே தாள்தானே, மேடம்' என்றார் ஹர்கேஷ்,
கோபமில்லாமல், தராசைப் படிப்பவர்போல.

சாம்பலைக் காரத்தில் கொதிக்கவிட்டால்
சுணை கரைந்து நீர்க்கண்ணாடி ஆகும்.
மறு குடுவையில் இரும்பின் இரண்டு உப்புகள்;
அம்மோனியா சொட்டச் சொட்ட
சட்டென்று ஒரு கறுப்பு.
கண்ணுக்குப் படாத காந்தங்கள்.
விட்டால் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கிடக்கும்,
இல்லை காற்றைக் குடித்துத் துருவேறும்.
அவற்றுக்குச் சட்டை தைக்க வேண்டும், சுணையில்.

முதல் தடவை எல்லாம் களியாய் உறைந்தது.
இரண்டாம் தடவை அமிலத்தை அவசரமாக ஊற்றிவிட்டுத்
தூங்கப் போனேன்; காலையில் குடுவை டீ நிறத்தில்.
தமிழில் திட்ட இங்கே ஆளில்லாததால்
நானே திட்டிக்கொண்டேன்:
சூடு சுணை இருக்கா உனக்கு?
இருந்தது.
சூடு எழுநூறு, சுணை பத்து கிராம்.
பொறுமைதான் இல்லை.

மூன்றாவதை நேற்றிரவு
சொட்டுக்குச் சொட்டு காத்திருந்து செய்தேன்.
காளிந்தி குஞ்சில் நுரையை விலக்கி மொண்ட யமுனையில்
ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கி
குடுவையின் ஓரம் காந்தத்தை வைத்தேன்.
பஸ்ஸைக் கண்ட கூட்டம்போல
கறுப்பு மொத்தமும் ஒரு பக்கம் முண்டியது.
மிச்சத் தண்ணீரில் ஈயம் பாதி குறைந்திருந்தது.
பாதி.

ஹர்கேஷ் காந்தத்தை வாங்கி
இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தினார்.
கறுப்பு பின்னாலேயே போனது.
இரண்டு நிமிடம் அதையே செய்துகொண்டிருந்தார்.
பிறகு கேட்டார்,
'அடுத்த மாசத்துக்கு எவ்வளவு தாள் வேணும்?'

இருநூறு கிராம், என்றேன்.

அவர் மச்சானுக்குப் பதினோரு ஏக்கர்.
காந்தத்தை மேசையில் வைத்துவிட்டு
ஜன்னலில் உரிந்த டேப்பை
கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.
நான் முன்கையைச் சொறிந்துகொண்டேன்.