சுழி

மேலிருந்து பார்த்தால் குற்றமே இல்லை.
ஊற்றிலிருந்து ஊர்த்தொட்டி வரை
நூற்று நாற்பத்தாறு கணுக்களோடு
கரும்பு மாதிரி படுத்திருந்தது கோடு.
நூர்காசி என் தோளுக்குப் பின்னால் நின்று
"நல்லா இருக்கு, அச்சடிச்சிடலாம்" என்றார்.
அவருடையது எப்போதும் மேற்பார்வைதான்.

நான் ஒரு பழக்கத்துக்காகப்
படத்தைச் சாய்த்தேன்.

மலை சாய்ந்தது. கோடும் சாய்ந்தது.
எண்பத்தேழாம் கணுவை மட்டும் காணோம்.
அங்கிருந்து இரண்டு நூல்கள் இறங்கி
திரைக்குக் கீழே ஓடின.
சுருக்கிச் சுருக்கிப் பின்னால் போனேன்.
மலையெல்லாம் ஒரு தேமல் அளவு சிறுத்த பிறகு
அதலபாதாளத்தில் கிடைத்தது முனை.
எக்ஸ் சரி. ஒய் சரி.
உயரம்: சுழி.

நரினில் எதுவும் சுழியில் இல்லை.
எங்கள் ஆறே
கடலுக்கு இரண்டாயிரம் மீட்டர் மேலே ஓடுகிறது.
கடலை நான் பார்த்ததில்லை;
எங்கள் எண்களுக்கெல்லாம் கீழே
எங்கோ உட்கார்ந்திருக்கிறது, சம்பளமில்லாமல்.
இந்தக் கோட்டின்படி
ஊற்றுத் தண்ணீர் அதுவரை செங்குத்தாய் இறங்கி
ஒரு சுழியைத் தொட்டு
மறுபடி ஏறி வரவேண்டும்,
கோக்-புலாக்கில் ஒரு கெண்டித் தேநீருக்காக.

முப்பரிமாணக் கோட்டுக்கு வளையத் தெரியாது.
கணுவுக்குக் கணு விறைப்பாய்த்தான் போகும்.
மவுஸால் பிடித்து இழுத்தால்
பக்கத்துக் கோட்டின் உயரத்தைத் திருடிக்கொண்டு
ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும்.
அதனால் இழுக்கக் கூடாது.
பட்டியலைத் திறந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று
எண்பத்தாறு பேரைத் தாண்டிப் போய்
கட்டத்தில் எண்ணைத் தட்டவேண்டும்.

எந்த எண்ணை?
முன்னது 2314.20.
பின்னது 2313.10.
கூட்டி இரண்டால் வகுத்துத்
தட்டியும்விட்டேன்.
கோடு சமர்த்தாய் எழுந்து
அக்கம்பக்கத்தோடு சேர்ந்துகொண்டது.
அந்தச் சமர்த்துதான் பிடிக்கவில்லை.

கென்ஜெபெக்கைக் கூப்பிட்டேன்.
கோலோடு மலையில் நடந்தவன் அவன்.
முதலில் பேட்டரி என்றான்.
பிறகு செயற்கைக்கோள் என்றான்.
பிறகு, கொஞ்சம் இருமிவிட்டு:
"அங்கே ஒரு குதிரை படுத்திருந்தது, சைகால்.
ஈனுகிற வேளை. குட்டியின் முன்னங்கால் ரெண்டும்
வெளியே வந்திருந்தது.
கோலைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்தில் போக மனசு வரலை.
தூரத்திலிருந்தே இடத்தைக் குறிச்சேன்.
உயரத்தை அப்புறம் போட்டுக்கலாம்னு..."
"அப்புறம்?"
"அப்புறம் குட்டியைப் பார்த்துக்கிட்டே நின்னுட்டேன்."
"என்ன குட்டி?"
"பெட்டை. நெற்றியில் சுழி."

நான் சிரிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.
என் சராசரியை அழித்தேன்.
சுழியைத் திரும்பப் போட்டேன்.
அசிங்கமாய் விழுந்தது கோடு. விழட்டும்.
நூர்காசி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சனிக்கிழமை மறுபடி போனான்,
பெட்ரோல் அவன் காசு.
2309.40.

நாலு மீட்டருக்கு மேல் பள்ளம்.
மேலிருந்து தெரியாது,
முழங்காலுக்குத்தான் தெரியும்.
காற்று தலைக்கு மேலே தாண்டிப் போகிற குழி.
ஈனுவதற்கு அதைத்தான்
அந்த மலை முழுக்கத் தேடி எடுத்திருக்கிறாள்.

குழாய் எப்படியும் அதில் இறங்கித்தான் போயிருக்கும்.
நான் வரையாத பள்ளத்துக்கு
வடிகால் வால்வு மட்டும் வந்திருக்காது.
ஜனவரியில் யாரோ ஒருநாள் ஊற்றை அடைக்க,
வடிய வழியில்லாத நீர்
ராத்திரியோடு ராத்திரியாய்க் கல்லாகி
குழாயைப் பிளந்திருக்கும்.
பனிக்கடியில் எங்கே என்று தோண்டுவார்கள்?

கூடுதலாய் மூன்று புள்ளிகள் கொண்டுவந்திருந்தான்.
பள்ளத்தின் விளிம்புகளில் செருகினேன்,
முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று.
எண்கள் நகர்ந்தன.
அவள் படுத்திருந்த இடம் இப்போது எண்பத்தொன்பது.
அதன்மேல் வால்வுக்கான குறியை வைத்தேன்,
ஒரு சின்ன வட்டம்.

நூர்காசி எட்டிப் பார்த்தார்.
"என்ன, மறுபடியும் சுழியா?"

"வால்வு" என்றேன்.