பதினோரு நிமிடம்

இடைவேளை பதினைந்து நிமிடம்.
நெல்ஸ் பனியுடை மாட்டி முடிக்கப் பதினோரு நிமிடம்.
மிச்சம் நாலு.
ஜனவரியில், டுலூத் நகரத்தில்,
இரண்டாம் வகுப்பின் கழித்தல் கணக்கு இது.
நவம்பரில் விடை பூஜ்யமாக இருந்தது.

என் வேலைக்கு வகுப்பு உதவியாளர் என்று பேர்.
மணிக்கணக்கில் சம்பளம்,
என் முழங்கால் உயரம்கூட இல்லாத நாற்காலி.
எனக்கு மேலே ப்ரெண்டா, சிறப்பாசிரியர்:
ஐந்து வகுப்பு, இருபத்திமூன்று பிள்ளைகள்,
ஒரு சக்கரம் கோணிய தள்ளுவண்டி.
அந்தச் சக்கரம் நடையில் முனகினால்
நெல்ஸ் காதுக்கவசத்தைத் தானே கழற்றுவான்.
அரைவட்ட மேசையில் இருபது நிமிடம்:
பி-க்கு வயிறு எந்தப் பக்கம்,
டி-க்கு எந்தப் பக்கம்.
பிறகு வண்டி அடுத்த வகுப்புக்கு முனகிப்போகும்.
மற்ற நேரமெல்லாம் நான்தான்.

செப்டம்பரில் ஏழு பேர் கூடி அவனுக்கொரு திட்டம் எழுதினோம்.
ஆஸ்பத்திரிச் சலவையகத்தின் சீருடையோடே
அவன் அம்மா வந்திருந்தார்.
கையெழுத்துக்கு முன் ஒன்றே ஒன்று கேட்டார்:
'வெளியே யாரோடு விளையாடுவான்?'
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
இருந்தது இது:
'ஐந்து முறையில் நான்கு முறை,
இரண்டுக்கு மேற்படாத தூண்டுதலுடன்
மாணவர் குளிருடையைத் தாமே அணிவார்.'
தாமே.
ஏழு வயதுக்கு அவ்வளவு மரியாதை.

தூண்டுதலுக்குப் படிகள் உண்டு.
மேல்படி, கையைப் பிடித்துச் செய்ய வைப்பது.
அதற்குக் கீழே முழங்கையைத் தொடுவது,
பிறகு சுட்டுவது, பிறகு சொல்வது.
கடைசிப் படியில் நான் சும்மா இருக்க வேண்டும்.
சும்மா இருக்க எனக்குப் பயிற்சி தந்தார்கள்,
இரண்டு நாள், மதிய உணவோடு.

வரவில்லை இன்னும்.
ஜிப்பின் பல் துணியைக் கவ்வினால்
என் பத்து விரலும் மடிக்குள் துடிக்கின்றன.
சுவரில் ஐந்து படம் வரிசையாக ஒட்டியிருக்கிறது,
காற்சட்டையில் தொடங்கிக் கையுறைவரை.
அவனுக்குப் படங்கள் வேண்டாம்,
அவற்றின் முதுகிலுள்ள வெல்க்ரோ பிரியும் சத்தம் வேண்டும்.
சர்ர்ர்.
திரும்ப ஒட்டு.
சர்ர்ர்.
பதினொன்றில் இரண்டு நிமிடம் அதற்கு.

ஒப்புக்கொள்கிறேன்,
டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை
முழுதும் நானே மாட்டிவிட்டேன்.
ஏரிக்காற்று ஜன்னலை அறைந்துகொண்டிருந்தது, எனக்குத் தலைவலி.
ஒன்றரை நிமிடம்தான் ஆனது.
படிவத்தில் 'முழு உடல்வழித் தூண்டுதல்' என்று எழுதினேன்.
பொய்யில்லை.
அவன் வாசலில் நின்று,
என்னைப் பார்க்காமல்,
ஜிப்பைக் கழுத்திலிருந்து அடிவரை இறக்கினான்.
முதலிலிருந்து ஏற்ற ஆரம்பித்தான்.
வயிற்றருகே வரும்போது மணி அடித்தது.

நேற்று,
தொலைந்த கையுறையைத் தேடி மாரிட் உள்ளே ஓடிவந்தாள்,
மூக்கு ஒழுக.
இடது பூட்ஸை வலது காலில் திணித்துக்கொண்டிருந்தான் நெல்ஸ்.
நான் சுட்டுவதா சொல்வதா என்ற படியில் நின்றிருந்தேன்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
எதிரே தரையில் தொப்பென்று உட்கார்ந்து
தன் பூட்ஸைக் கழற்றி
இடதை வலதில் மாட்டிக்கொண்டாள்.
அவன் நெடுநேரம் அவள் பாதங்களைப் பார்த்தான்.
'வாத்து' என்றான்.

இரண்டு வாத்துகள் கதவைத் தள்ளிக்கொண்டு போயின,
ஒன்றுக்கு ஜிப் பாதியில்.
ஏழு நிமிடம்.

பென்சிலை எடுத்தேன்.
தூண்டுதல் எத்தனை? எந்தப் படி?
கால் மாறிய பூட்ஸ் அணிந்ததில் சேருமா?
ப்ரெண்டாவைக் கேட்க வேண்டும், வண்டி வந்ததும்.
பனிமேட்டில் அவன் எதற்கோ கத்துவது கேட்டது,
அழுகையில்லை.
அப்போதுதான் பார்த்தேன்,
அவன் தொப்பி என் கையில்.
ஓடினேன்,
மேலங்கி போட மறந்து.