சத்தப் பதிவேடு

வீட்டுவசதிச் சங்கம் கொடுத்த தாளில்
நான்கு கட்டங்கள்.
தேதி. நேரம். என்ன கேட்டது.
அது உங்களை என்ன செய்தது.
நான்காவதுதான் இருப்பதிலேயே சின்னது.

கிரீனக்கில் முதல் பேருந்து நாலே முக்காலுக்கு.
ஓட்டுகிறவன் நான்.
மேல்வீட்டில் செங்கா ரென்னி,
இருபத்திரண்டு வருஷமாய்.
அவள் மகன் கெர்ருக்கு
இரவு இரண்டு மணிக்குத்தான் பொழுது விடியும்.
ஸ்பீக்கர், பாட்டில், படிக்கட்டில் பூட்ஸ்,
பொதுக்கதவின் கண்ணாடி இரண்டு தடவை.
யார் யாரோ என் மணியை அழுத்தி
அவன் பெயரைக் கேட்பார்கள்.

ஒரு நாள் சிவப்பு விளக்கில் தூங்கிப்போனேன்.
பின்னால் லாரி அலறியது.
வண்டியில் மூன்று பேர், ஒருத்தி நிறைமாதம்.
அன்றைக்குத்தான் முதல் தாளை நிரப்பினேன்.

அப்புறம் பழகிவிட்டது.
தலையணைக்கடியில் பேனா.
2.10 கூச்சல்.
2.40 ஏதோ உடைந்தது.
3.05 ஒரு பெண் அழுகிறாள்
என்று எழுதி, அடித்தேன்.
அது புகாரில் சேர்த்தியா தெரியவில்லை.

மொத்தம் பதினோரு தாள்.

மார்ச்சில் ஒரு மாலை
படிக்கட்டில் என்னை நிறுத்தினாள்.
"கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன்,
கொஞ்சம் படித்துச் சொல்லேன்."
சங்கத்தின் கடிதம்.

படித்தேன்.
சத்தம் போட்டவன் பெயர்
ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை.
கையெழுத்து அவளுடையது.
ஆகவே நிரந்தரமாய் இருந்த அவள் உரிமை
இன்றுமுதல் பன்னிரண்டு மாதத் தவணை.
ஒழுங்காயிருந்தால் பழையபடி ஆகும்.
இல்லையென்றால், காலிசெய்யச் சொல்லும்போது
"இது நியாயமா?" என்று
நீதிபதி கேட்கக்கூடத் தேவையில்லை.

அடியில் ஆதாரம். பெயரில்லாமல், என் வாக்கியங்கள்.
என் குரலிலேயே படித்தேன்:
இரண்டு நாற்பது, ஏதோ உடைந்தது.

"இரண்டரை" என்றாள்.
"உன் கடிகாரம் பத்து நிமிஷம் முந்துகிறது."
கடிதத்தை வாங்கி நாலாய் மடித்தாள்.
"நானும் முழித்துக்கொண்டுதானே இருந்தேன்."

கெர் போர்ட் கிளாஸ்கோவில்
யார் வீட்டு சோபாவிலோ இருக்கிறானாம்.
மேலே இப்போது
கரண்டியைத் தொட்டியில் படுக்கவைக்கிறாள்,
போடுவதில்லை.
தும்மலைக்கூடத் துணியில் பொத்துகிறாள்.
வாசலில் கழற்றிய செருப்பு
வாசலிலேயே கிடக்கிறது.
டிவியில் ஆட்கள் வாயசைக்கிறார்கள் போலிருக்கிறது.

நான் தூங்குகிறேனா?
இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டுகிறது.
பத்து நிமிஷம் முந்தியே.

போன செவ்வாய், மழையில்,
மேல் ஜன்னல் மெல்லத் திறந்தது.
கீழே ஒரு சீட்டி.
கயிற்றில் கட்டிய பை ஒன்று
என் ஜன்னலைத் தாண்டி இறங்கிற்று,
வெண்ணெய் தடவிய ரொட்டி வாசனையோடு.
பூட்ஸ் சத்தம் ஓடி மறைந்தது.
கயிறு மட்டும் திரும்ப ஏறியது,
கண்ணாடியில் ஈரக் கோடு இழுத்துக்கொண்டு.

காலையில் சங்கத்திலிருந்து இன்னஸ் போன் செய்தான்.
"இந்த வாரம் ஏதாவது உண்டா?"

"குளியலறைக் குழாய் ஒழுகுகிறது" என்றேன்.
"ஜனவரியிலிருந்து சொல்கிறேன்.
அதற்கும் தாள் இருக்கிறதா?"